பத்து மாதம் குறைவு

பிரெஸ்காட்,
மார்ச் 3

கிறிஸ்துவுக்குள் பிரியமான தங்கை வினிஃப்ரெட்டுக்கு,

உன் அண்ணன் அம்ப்ரோஸ் எழுதுவது. கர்த்தரின் கிருபையால் நான் சுகம். யூமாவில் வெயில் ஏறுமுன் உன் முழங்கால் வலி சற்றேனும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். தொலைபேசியில் பேசலாமே என்று நீ சொல்லக்கூடும். என் செவி இப்போது பாதிச் சொற்களைத்தான் உள்ளே விடுகிறது. மீதியை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. நம் தகப்பனார் பழக்கிய ஞாயிறு மாலைக் கடிதமே எனக்கு நம்பகமானது.

ஜனவரியில் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு உன் அண்ணி கொர்னேலியா இன்னும் மறுவாழ்வு நிலையத்தில்தான் இருக்கிறாள். பேச்சு முழுதும் திரும்பிவிட்டது. நேற்றுகூட, வழக்கம்போல என் சபைப் பதவியைச் சொல்லியே, "டீக்கன் ஐயா, இங்க குடுக்கறது காபி இல்ல, காபி குளிச்ச தண்ணி. என்னை எப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டாள். வலக்காலும் வலக்கையும்தான் இன்னும் கீழ்ப்படியவில்லை. சக்கர நாற்காலி இல்லாமல் முடியாது.

மே பத்தாம் தேதி அவளை வெளியே அனுப்புவார்கள். அதற்குள் நம் வீட்டுக் குளியலறை அவளுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். தொட்டியை எடுத்துவிட்டு நாற்காலியோடு நுழையும் குளியலிடம், அகலமான கதவு, சுவரில் கைப்பிடிக் கம்பிகள், குளிர் தாங்காதவளுக்குச் சூடேற்றும் மின்விசிறி, முன்வாசல் படிகளின் மேல் சாய்தளம், இவ்வளவும் தேவை. இவை இல்லையென்றால் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் அவளுக்கு ஒரு கட்டில் ஒதுக்குவார்கள். அங்கே போனவர்களில் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

இரண்டு ஒப்பந்தக்காரர்களை அழைத்தேன். ஒருவர், "ஜூலைக்கு முன்னாடி என் ஆளுங்க தலையே காட்ட முடியாது சார்" என்றார். மற்றவர், "பாதிப் பணத்த இன்னிக்கே கையில குடுங்க, நாளைக்கே தொட்டியப் பேத்துடறேன்" என்றார். அவருடைய வண்டியில் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. இப்போது நம் சபை வழியே ஒரு மனிதர் கிடைத்திருக்கிறார். வீட்டுச் சில்லறை வேலைகள் செய்பவர். கையில் திறமை உண்டு.

உன் ஜெபத்தில் கொர்னேலியாவை நினைத்துக்கொள்.

அன்புள்ள அண்ணன்,
அம்ப்ரோஸ்


யூமா,
மார்ச் 9

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணனுக்கு,

வினிஃப்ரெட்டின் ஸ்தோத்திரம். முழங்கால் வலி தன் வேலையைச் செய்கிறது, நான் என் வேலையைச் செய்கிறேன். அண்ணியிடம் என் அன்பைச் சொல்லுங்கள். காபித்தூள் ஒரு பொட்டலம் தபாலில் வருகிறது.

முப்பது ஆண்டுகள் என் கணவர் வெர்னனின் கட்டுமான அலுவலகத்தில் அவருடைய பக்கத்து மேசையில் உட்கார்ந்து எழுதியவள் நான். எனவே இதைத் தங்கையின் பேச்சாக எடுத்துக்கொள்ளாமல் ஓர் எழுத்தரின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதிப் பணம் கேட்டவரை அனுப்பிவிட்டது நல்லது. புதியவரிடம் முதலில் மாநிலம் தரும் ஒப்பந்தக்காரர் உரிமத்தின் எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் கோபப்படுகிறவரை அதே வாசல் வழியே அனுப்பிவிடுங்கள். எண்ணைக் கொடுத்தால் அதோடு நின்றுவிடாமல் மாநிலப் பதிவேட்டில் அந்த எண் அவருடையதுதானா, இன்னும் உயிரோடு இருக்கிறதா, அவர்மேல் புகார் ஏதும் உண்டா என்று பாருங்கள். உரிமம் உள்ளவர் வேலையைக் கெடுத்தால் மாநிலத்திடம் முறையிட ஓர் இடம் உண்டு. உரிமம் இல்லாதவருக்குப் பின்னால் வெறும் காற்றுதான்.

சில்லறை வேலைக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் மாநிலத்தில் உரிமம் இல்லாதவர் வேலை செய்யலாம். ஆனால் கூலியும் பொருளும் சேர்த்து ஆயிரம் டாலருக்குள் முடிகிற வேலை மட்டும். நகராட்சி அனுமதி தேவைப்படும் வேலை எதையும், நூறு டாலர் வேலையானாலும், அவர் தொடக்கூடாது. நீங்கள் சொல்லும் குளியலறையில் குழாயும் உண்டு, மின்சாரமும் உண்டு. ஞாயிறுதோறும் பாறையின்மேல் வீடு கட்டியவனைப் பற்றிப் பேசுகிறீர்கள். கட்டிக்கொடுத்தவனிடம் உரிமம் இருந்ததா என்று ஒருமுறையாவது யோசித்தீர்களா?

அந்த மனிதரின் பெயரை எழுதுங்கள். நானே பதிவேட்டில் பார்க்கிறேன்.

இன்னொன்று. ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும், "லீலண்டிடமிருந்து ஏதேனும் செய்தி உண்டா?" என்று என் மகனைப் பற்றிக் கேட்பீர்கள். இல்லை என்று நானும் எழுதுவேன். இம்முறை நீங்கள் கேட்கவில்லை. நீங்களும் சலித்துவிட்டீர்கள் போலும். குற்றம் சொல்லவில்லை.

தங்கை,
வினிஃப்ரெட்


பிரெஸ்காட்,
மார்ச் 20

பிரியமான வின்னிக்கு,

நலம், உன் நலம் அறிய ஆவல். இங்கே இரண்டு நாள் பனி பெய்து நேற்றுத்தான் கரைந்தது. காபித்தூள் வந்தது. கொர்னேலியா பொட்டலத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு, "வின்னிக்கு மட்டும்தான் என் கஷ்டம் புரியுது" என்றாள்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த மனிதர் உன் கேள்விக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார். முதல் நாளே தன் அட்டையை என் கையில் கொடுத்து, "எங்கிட்ட லைசென்ஸ் கிடையாது. அதையே கார்டுல அச்சடிச்சு வெச்சிருக்கேன். நல்லாப் படிச்சுப் பாத்துட்டு அப்புறம் சரின்னு சொல்லுங்க" என்றார். இப்படித் தன் குறையைத் தானே முதலில் சொல்லும் மனிதரை நான் அதிகம் கண்டதில்லை.

மொத்த வேலையையும் பார்த்துவிட்டு அவர் தயங்கினார். "சேத்துப் பாத்தா ஆயிரத்தத் தாண்டிடுதே. நான் கை வைக்கிற வேலையில்ல இது" என்றார். நான்தான் வழி சொன்னேன். கதவு ஒரு தாள். குளியலிடம் ஒரு தாள். கம்பிகளும் சாய்தளமும் ஒரு தாள். விளக்கும் மின்விசிறியும் ஒரு தாள். ஒவ்வொன்றும் ஆயிரத்துக்குள். பொருள்களைக் கடையில் நானே வாங்கித் தருகிறேன். நான்கு தாள்களிலும் இருவரும் கையெழுத்திட்டோம். திங்களன்று தொட்டியைப் பெயர்க்கிறார்.

வின்னி, மே பத்துக்கு இன்னும் ஏழு வாரம். ஜூலைவரை காத்திருக்கும் உரிமத்தைவிட மே மாதத்தில் முடிக்கும் கை எனக்குப் பெரிதாய்ப் படுகிறது. என்னைக் கடிந்துகொள்ளாதே.

அண்ணன்,
அம்ப்ரோஸ்


யூமா,
மார்ச் 25

அண்ணனுக்கு,

வணக்கம். நான் சுகம். அண்ணியின் சுகத்துக்காகவே இதை எழுதுகிறேன். இல்லையென்றால் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன்.

ஒரே குளியலறை, ஒரே ஆள், ஒரே மாதம். அதை நான்காகக் கிழித்தால் நான்கு வேலை ஆகிவிடாது. நீங்கள் வாங்கிக்கொடுக்கும் பொருளும் அந்த ஆயிரத்துக்குள் சேர்ந்ததுதான். இப்படிப் பிரித்து எழுதக்கூடாது என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது, ஏனென்றால் உங்களுக்கு முன்பே ஆயிரம் பேர் அந்த யுக்தியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பையில் இரண்டு விதமான எடைக்கற்களை வைத்திருப்பவனைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது என்று டீக்கனுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் பையில் நான்கு கற்கள். ஒவ்வொரு தாளும் தனியே உண்மை. நான்கையும் ஒன்றாக வைத்தால் பொய்.

அதைவிட எனக்குக் கவலை வேறு. சுவருக்குள் குழாயும் மின்கம்பியும் போகிறபோது மூடுவதற்கு முன் நகராட்சியின் ஆள் வந்து பார்க்க வேண்டும். மூடிவிட்ட சுவர் எல்லாருக்கும் அழகாகவே தெரியும்.

அந்த மனிதரின் பெயரை இரண்டாம் முறையாகக் கேட்கிறேன்.

வினிஃப்ரெட்


பிரெஸ்காட்,
ஏப்ரல் 14

பிரியமான தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதித்தேன், பொறுத்துக்கொள். உடலுக்கு ஒன்றுமில்லை. வீடு முழுவதும் தூசியாக இருந்தது, மனமும் அப்படியே இருந்தது.

வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. நீ நேரில் பார்த்தால் வாயடைத்துப்போவாய். தரையின் சரிவு ஒரு கோலிக்குண்டை உருட்டிப் பார்த்துச் செய்தது. தண்ணீர் ஒரு துளி தங்குவதில்லை. நான் என் முழுக் கனத்தோடு கம்பியில் தொங்கிப் பார்த்தேன். "எண்பது கிலோ டீக்கன் தொங்கியும் அசையல. அத்தைக்குப் போதும்" என்று சிரித்தார்.

அவருக்கு ஒரு விநோதமான பழக்கம். சுவர்ப் பலகையை அடித்து மூடுமுன், உள்ளே இருக்கும் மரச்சட்டத்தில் தச்சுப் பென்சிலால் அன்றைய தேதியையும், அன்று மதியம் தின்றதையும் எழுதிவைக்கிறார். 'ஏப்ரல் 9. பன்றியிறைச்சிப் பச்சைமிளகாய்க் குழம்பு, இரண்டு ரொட்டி.' இது எதற்கு என்று கேட்டேன். "இன்னும் நாப்பது வருஷங்கழிச்சு இத ஒருத்தன் திறப்பான்ல, அவனுக்கு ஒரு பேச்சுத் துணை" என்றார்.

பெயரைக் கேட்டிருந்தாய். சபைப் பதிவேட்டில் இருக்கிறது. ஒழுங்காக ஆராதனைக்கு வருகிறார், கடைசி வரிசையில் உட்காருகிறார். அதற்குமேல் எழுத எனக்கு அனுமதியில்லை.

கொர்னேலியா நாட்காட்டியில் நாட்களை அடித்துக்கொண்டு வருகிறாள்.

அண்ணன்,
அம்ப்ரோஸ்


பிரெஸ்காட்,
ஏப்ரல் 30

பிரியமான வின்னிக்கு,

இரண்டு வாரமாகிறது. உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு ஏதேனுமா? பக்கத்து வீட்டுக்காரரிடமாவது சொல்லி எழுதச் செய். உன் மௌனத்துக்குக் காரணம் என்மீதுள்ள கோபம் என்றால் அது நியாயமானதே. ஆயினும் நீ இப்போது எழுதித்தான் ஆக வேண்டும்.

மறுவாழ்வு நிலையத்திலிருந்து மிஸ் ஓர்டேகா என்ற பிசியோதெரபிப் பெண்மணி வீட்டைப் பார்வையிட வந்தார். கதவின் அகலத்தை அளந்தார். கம்பிகளை இரு கையாலும் இழுத்தார். சாய்தளத்தில் காலி நாற்காலியை உருட்டினார். "கச்சிதமா இருக்கு சார். யார் செஞ்சாங்க?" என்று மகிழ்ந்தார். பிறகு மின்விசிறியின் சுவிட்சைப் போட்டார்; மேலே பார்த்தார்; அணைத்தார். "புது வயரிங். குழாயும் மாத்தியிருக்கீங்க. பர்மிட்டைக் காட்டுங்க, நம்பரை எழுதிக்கறேன்."

நான் நான்கு தாள்களையும் கொண்டுவந்து நீட்டினேன். அந்தப் பெண் அவற்றைப் படித்தார், திரும்பக் கொடுத்தார். "இது இல்ல சார்" என்றார் மெல்ல. அவ்வளவுதான். என் எழுபத்தாறு வயதில் அப்படி நான் நின்றதில்லை.

நகராட்சி ஆய்வாளரின் கையெழுத்து இல்லாமல் கொர்னேலியாவை இந்த வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். பத்தாம் தேதி பராமரிப்பு இல்லத்தில் கட்டில் தயார். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்வது என்று சொல்.

உன் அண்ணன்,
அம்ப்ரோஸ்


யூமா,
மே 2

அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் ஏப்ரல் 14 கடிதம் இத்தனை நாளும் மேசைமேல் இருந்தது. அதன் எதிரே நான் உட்கார்ந்திருந்தேன்.

சுவருக்குள் தேதியையும் மதியச் சாப்பாட்டையும் எழுதியது என் வெர்னன். நான் அறிந்தவரை அந்தப் பழக்கம் வேறு எந்தக் கட்டுமானக்காரருக்கும் இல்லை. அவரிடமிருந்து அதைக் கற்றவன் ஒருவன்தான். மூன்று கடிதங்களிலும் அந்த மனிதர் உங்களை எப்படி அழைத்தார் என்று நீங்கள் எழுதவே இல்லை. மாமா என்று அழைத்திருப்பான். கொர்னேலியாவை அத்தை என்று சொன்னதை மட்டும் மறைக்கத் தவறிவிட்டீர்கள். அவன் என் மகன் லீலண்ட்.

சொல்ல வேண்டாம் என்று அவன் கேட்டிருப்பான். நீங்கள் வாக்குக் கொடுத்திருப்பீர்கள். வாக்கைக் காப்பாற்றினீர்கள். அதற்காக உங்கள்மீது எனக்குக் கோபமில்லை.

நடந்ததை இதுவரை நான் உங்களுக்கு முழுதாகச் சொன்னதில்லை. அவன் சொல்லியிருக்கக்கூடும், என் பக்கத்தையும் கேளுங்கள். வெர்னன் இறந்த பிறகு லீலண்ட் தன் பெயரில் உரிமம் கேட்டான். நான்கு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். நேரில் அறிந்த ஒருவர் அதற்குச் சான்று எழுத வேண்டும். தன் தகப்பனோடு அவன் வேலை செய்தது மூன்று ஆண்டு இரண்டு மாதம். தாளை என் முன் வைத்து, "பத்து மாசம்தாம்மா. யாரும்மா எண்ணப் போறாங்க? நாலுன்னு போட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றான். நான் எண்ணுகிறவள், அண்ணா. மாட்டேன் என்றேன். அன்று மாலையே போய்விட்டான்.

அது கிடக்கட்டும். இப்போது அண்ணிக்கானதைச் செய்யுங்கள்.

இந்தக் கடிதம் கண்டதும் நகராட்சி அலுவலகத்துக்குப் போங்கள். அவர்கள் உங்களைத் தேடி வருமுன் நீங்கள் அவர்களிடம் போக வேண்டும். முடிந்த வேலைக்கும் பிந்தி அனுமதி கேட்கலாம். நான்கு தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள். பிரித்து எழுதியது யார் என்று கேட்டால் நீங்கள்தான் என்று சொல்லுங்கள்.

அடுத்து, சினோ வாலியில் கிளைட் மெரிக் இருக்கிறார். வெர்னனின் பழைய கூட்டாளி. அவர் உரிமம் இன்றும் செல்லும். மாநிலப் பதிவேட்டில் இன்று காலை பார்த்துவிட்டேன். அவரிடம் பேசியும்விட்டேன். பதினோராம் தேதி திங்களன்று மின்வேலைக்கு உரிமம் பெற்ற ஓர் ஆளுடன் வருவார். வேலை அவர் பெயரில், அவர் பொறுப்பில் நடக்கும். லீலண்டைத் தன் கூலியாளாக வைத்துக்கொள்ள அவருக்குச் சட்டத்தில் தடையில்லை.

சுவரைத் திறக்கச் சொல்லுவார். திறக்கவிடுங்கள்.

அண்ணியிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

வினிஃப்ரெட்


பிரெஸ்காட்,
மே 13

பிரியமான வின்னிக்கு,

நீ சொன்ன ஒவ்வொன்றையும் செய்தேன். இன்று எழுதத் தெம்பு இருக்கிறது. உன் முழங்காலுக்கு இந்த மாத வெயில் நன்மை செய்யட்டும்.

நகராட்சி அலுவலகத்துப் பெண்மணியின் முன் நான்கு தாள்களையும் வைத்து, பிரித்தது நான் என்றேன். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "வீட்டுக்காரரே வந்து உண்மையச் சொல்றதுல இந்த வருஷம் நீங்க ரெண்டாவது ஆள். மொத ஆள அவர் சம்சாரம் இழுத்துட்டு வந்தாங்க" என்றார். "என்னையும் தங்கை இழுத்துட்டு வந்துட்டாம்மா" என்றேன். அபராதத்தோடு விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்.

கொர்னேலியாவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. நாட்காட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "எத்தன நாளு?" என்றாள். தெரியவில்லை என்றேன். "தெரியலைங்கறத இப்பவாவது சொன்னீங்களே" என்றாள். பத்தாம் தேதி பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றினார்கள். வண்டியில் ஏற்றும்வரை என் கையைப் பிடிக்கவில்லை. ஏற்றிய பிறகு பிடித்தாள்.

கிளைட் திங்கள் காலை வந்தார். வந்ததும் லீலண்டை மேலும் கீழும் பார்த்து, "அப்படியே வெர்னனோட மூக்கு. மூளையும் அதுதானான்னு சுவத்தத் திறந்தா தெரிஞ்சுடும்" என்றார். குழாய்களைப் பார்த்துத் தலையசைத்தார். கைப்பிடிக் கம்பிகளுக்குப் பின்னால் அடித்திருந்த குறுக்குச் சட்டத்தைத் தட்டிப் பார்த்து, "இத நானும் இப்படித்தான் செஞ்சிருப்பேன்" என்றார். லீலண்டின் முகம் மலர்ந்தது.

பிறகு மின்விசிறியின் பக்கத்துச் சுவரைத் திறந்தார்கள். அங்கே சட்டத்தில் உன் மகனின் பென்சில் எழுத்து. அதற்கு ஒரு சாண் மேலே இரண்டு மின்கம்பிகளை முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றி, அப்படியே சுவருக்குள் விட்டிருந்தான். அத்தகைய இணைப்பை உள்ளே வைத்து மூடவேண்டிய ஜங்ஷன் பாக்ஸ் இல்லை. டேப் ஒரு பக்கம் பழுத்துக் கருகத் தொடங்கியிருந்தது. மின்விசிறியை நாங்கள் ஓட்டிப் பார்த்தது மொத்தமே சில மணி நேரம்தான்.

கிளைட் சிரிப்பதை நிறுத்திவிட்டார். "சாப்பாட்ட ஒழுங்கா எழுதியிருக்கே. இந்த ஜாயிண்ட்டுக்கு ஒரு டப்பா எங்கடா?"

"மூடிட்டா போதும்னு நெனச்சேன்."

"டப்பா இல்லாம எந்த ஜாயிண்ட்டையும் சுவத்துக்குள்ள விடக் கூடாது. டப்பாவோட மூடியும் வெளிய தெரியணும். இது உனக்குத் தெரியாதா?"

லீலண்ட் அந்தக் கருகலையே பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியாது கிளைட். அப்பாகூட நான் வயரிங் வேலைக்குப் போனதேயில்ல. குழாய் முடியட்டும், அடுத்த வருஷம் அதக் கத்துத் தரேன்னு சொல்லியிருந்தார்."

வின்னி, அந்த விசிறியின் கீழே உட்காரப்போகிறவள் தானாக எழுந்து ஓட முடியாதவள். அதை நினைத்ததும் நான் தொட்டியிருந்த இடத்தில் மண்டியிட்டுவிட்டேன். அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அந்தப் பத்து மாசம் இதுதான் மாமா" என்றான். "இத அம்மாவுக்கு எழுதிடுங்க. நான் சொன்னதாவே எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

அண்ணன்,
அம்ப்ரோஸ்


யூமா,
மே 19

மகன் லீலண்டுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கவேண்டிய தேவையில்லை. உன் மாமா வீட்டுச் சுவரில் எழுதியிருக்கிறதாமே.

கருகிய டேப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியது ஏதும் மீதமில்லை. நீயே சொல்லிவிட்டாய். நான் சொல்ல வேண்டியது வேறு.

நான்கு என்று எழுத மாட்டேன் என்றேன். இன்றும் எழுத மாட்டேன். ஆனால் அன்று நான் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். மூன்று ஆண்டு இரண்டு மாதம் என்று எழுதித் தருகிறேன், மீதியை வேறொருவரிடம் முடித்து வா என்று சொல்லியிருக்கலாம். கிளைட் அன்றும் சினோ வாலியில்தான் இருந்தார். தாளை எடுத்து உண்மையான எண்ணை எழுத எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நான் சரியாக இருந்தேன். அதுவே போதும் என்று இருந்துவிட்டேன். அது என் குற்றம். ஆறு ஆண்டுகள் அதன் தண்டனை. அதில் உன் பங்கும் உண்டு, அதை நீ பார்த்துக்கொள்.

இத்துடன் அனுபவச் சான்றுத் தாள் வைத்திருக்கிறேன். மூன்று ஆண்டு இரண்டு மாதம் என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். மீதிப் பத்து மாதம் கிளைட்டிடம் வேலை செய். அதற்கு அவர் தனித்தாளில் சான்று எழுதுவார். மின்வேலையையும் காட்டித் தருவார். பிறகு தேர்வு எழுது. சட்டப் பாடத்தை அலட்சியம் செய்யாதே; உன் அப்பா முதல் முறை அதில்தான் தோற்றார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா,
வினிஃப்ரெட் ஹாஸ்கெல்


பிரெஸ்காட்,
ஜூன் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். கடிதம் எழுதிப் பழக்கமில்லை. மாமா பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்க்கிறார்.

போன வியாழக்கிழமை ஆய்வாளர் வந்து கையெழுத்திட்டுப் போனார். அவர் பார்க்கும்வரை சுவரை மூடவில்லை. பார்த்த பிறகு கிளைட்டும் நானும் மூடினோம். மூடுமுன் உட்சட்டத்தில் முதலில் கிளைட்டை எழுதச் சொன்னேன். 'ஜூன் 4. மீன் சாண்ட்விச். இந்தப் பையனின் வேலையை நான் பார்த்தேன்' என்று எழுதினார். நான் என் சாப்பாட்டை மட்டும் எழுதினேன்.

அத்தை நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். பராமரிப்பு இல்லத்தில் நான்கு வாரம். அங்கே இடக்கையால் சாப்பிடப் பழகிக்கொண்டு வந்திருக்கிறார். சாய்தளத்தில் நாற்காலியைத் தள்ளியது மாமா. நான் பின்னால் நின்றேன். குளியலறைக்குள் போனதும் அத்தை விசிறியைப் போடச் சொன்னார். மாமா தயங்கினார். "போடுங்க டீக்கன் ஐயா, கையெழுத்துப் போட்டுட்டாங்கல்ல" என்றார். போட்டோம். ஐந்து நிமிடம் மூவரும் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அத்தை காபி கேட்டார். உங்கள் காபித்தூள்தான்.

உங்கள் தாள் வந்தது. அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த அந்தக் கடைசி அக்டோபர் முழுவதும் நான் வேலைக்குப் போகவில்லை. அவர் கட்டிலருகே இருந்தேன்; எதிர் நாற்காலியில் நீங்களும் இருந்தீர்கள். உங்கள் எண்ணிக்கையில் தவறு வந்து நான் பார்த்ததில்லை. அதனால் இது கைதவறிச் சேர்ந்த மாதம் என்று நினைக்கவில்லை, எனக்காகத் தெரிந்தே சேர்த்தது.

அது மூன்று ஆண்டு ஒரு மாதம், அம்மா. கிளைட்டிடம் பதினொரு மாதம் வேலை செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எண்ணை மாற்றிக் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்புங்கள். இல்லையென்றால் நீங்களே கொண்டுவாருங்கள். வாசலில் இப்போது படி ஏற வேண்டியதில்லை.

உங்கள் மகன்,
லீலண்ட்